படத்தில் விழுந்த மஞ்சு

நாளை மறுநாள் முதல் நீங்கள் நான்கு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு மலையில் திரியப் போகிறீர்கள். நான் இந்த மாதத்தோடு அந்தப் பையை இறக்கி வைக்கிறேன். இருபத்தொன்பது வயதில் ஓய்வா என்று கடையில் எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். வீடு வீடாகப் போவதிலிருந்துதான் ஓய்வு. இனி எனக்கு வத்தலக்குண்டு பட்டறையில் உட்கார்ந்து சர்க்யூட் போர்டு பழுது பார்க்கிற வேலை. ஆறு வருடம் கொடைக்கானலிலும் அதற்கு மேலே இருக்கிற ஊர்களிலும் டிவி, மீடியா பிளேயர், ஸ்பீக்கர் என்று பார்த்தவன் ஆயிற்றே, புதிதாக வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மேனேஜர் சொன்னார்.

எந்த மெனுவுக்குள் எந்த அமைப்பு ஒளிந்திருக்கிறது என்பதை நான் எழுதப் போவதில்லை. அது ஒவ்வொரு அப்டேட்டிலும் இடம் மாறும். நீங்களே தேடிக்கொள்வீர்கள், அதுவும் என்னைவிட வேகமாக. நான் எழுதப் போவது ஒவ்வொரு வீட்டிலும் நாம் நிரப்பிக் கொடுக்கிற ஜாப் ஷீட்டின் அடியில் இருக்கும் 'குறிப்பு' என்ற கட்டத்தைப் பற்றி. இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். அதில் நான் எழுதிய ஒரு வரி, பூம்பாறையில் ஒரு மனிதரை ஐந்து வாரம் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி வைத்தது.

அவர் பெயர் செல்வராசு. ஐம்பத்து நாலு வயது. பூம்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேனின் டிரைவர். காலையில் இறங்கும் மஞ்சிலும் (மூடுபனியை மேலே அப்படித்தான் சொல்வார்கள்) மாலையில் இறங்கும் மஞ்சிலும் அந்தப் பாதையில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். மகனுக்கு வெளிநாட்டில் வேலை. லீவில் வந்தவன் பெரிய டிவி ஒன்றை வாங்கி மாட்டி, ஒரு மீடியா பிளேயரையும் படங்கள் நிரப்பிய ஹார்ட் டிஸ்க்கையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். செல்வராசு அண்ணனுக்குச் சினிமா அவ்வளவாகப் பிடிக்காது. காடு, கடல், பனிப்பாறை என்று வருகிற படங்கள்தான் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒன்று பார்ப்பார். மனைவி பாக்கியம் அக்கா பார்ப்பது கேபிளில் வரும் சீரியல். மகள் நித்யா கல்லூரி லீவில் வரும்போது எதையும் டிவியில் பார்க்காமல் லேப்டாப்பில் பார்ப்பாள். ஒரு வீட்டில் யார் எதில் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கதைக்காகச் சொல்லவில்லை. பழுதே அதற்குள்தான் இருந்தது.

முதல் முறை அந்த வீட்டுக்குப் போனபோது புகார் வேறு. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடுகிறது, சத்தம் மட்டும் வருகிறது. நல்ல மழை. நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. போன உடனே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த டிஸ்க்கில் இருந்ததெல்லாம் எச்.டி.ஆர் படங்கள். அவற்றில் வெளிச்சத்தை வேறு ஓர் அளவுகோலில் பதிந்திருப்பார்கள். சாதாரணப் படத்தைவிடச் சூரியனும் நிழலும் ஒன்றுக்கொன்று தூரமாக நிற்கும். அதைச் சுமந்து போக, பிளேயரையும் டிவியையும் இணைக்கிற கேபிள் கெட்டியாக இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ பாம்பு மாதிரிச் சுருட்டி வைத்த ஒரு நீளமான, மலிவான கேபிள். மாற்றுக் கேபிள் என் பையில் இல்லை. பிளேயருக்குள் போய் எச்.டி.ஆர் என்பதை அணைத்தேன். திரை கறுப்பது நின்றது. கடல் படம் ஒன்றைப் போட்டேன்; முதல் காட்சி ஆழ்கடல் இருட்டு. ஐந்து நிமிடம் நிற்காமல் ஓடியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

படம் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடுகிற படம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்தப் பிளேயர், எச்.டி.ஆரை அணைத்தால் படத்தைச் சாதாரண அளவுக்கு மாற்றித் தராது, அப்படியே தூக்கி டிவியின் முகத்தில் எறியும் ரகம். டிவிக்கு அது வேறு அளவுகோல் என்று தெரியாது. அதனால் கறுப்பு கறுப்பாக இருக்காது, வெள்ளை வெள்ளையாக இருக்காது, எல்லாம் சாம்பல் பூசி வரும். இருட்டுக் காட்சியில் இது கண்ணில் படாது.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். கடையில் போனை எடுத்த பெண் ஷீட்டில் எழுதி வைத்திருந்தது இரண்டே சொற்கள்: 'படத்தில் மஞ்சு.'

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் இரண்டு பேர் கீழே அய்யம்பாளையம் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். உங்களுக்கு மஞ்சு என்றால் கொடைக்குச் சுற்றுலா வந்தபோது போட்டோ எடுத்த விஷயம். மேலே அது வீட்டுக்குள் வருகிற ஆள். துணி காயாது, தீக்குச்சி பற்றாது, சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்குள் ஈரம் இறங்கும். ஏரிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில், திரையின் கண்ணாடிக்கு உள்ளே நீர் கோடு கோடாக வழிந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நம் கடையில் யாராவது டிவியில் மஞ்சு என்று சொன்னால் நாம் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொள்வோம்: பேனலுக்குள் ஈரம். தலைமுடி காய வைக்கிற டிரையரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் என் மூளை வேலையை முடித்துக்கொண்டது.

பின்பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஈரமே இல்லை. காய்ந்து கிடந்தது. கேபிள் சேனல் போட்டேன், பளிச்சென்று வந்தது. என் பென் டிரைவைப் பிளேயரில் செருகி, அதிலிருந்த என் சோதனைப் படத்தைப் போட்டேன். பச்சைக் கிளி, சிவப்பு மூக்கு, அருமை. அந்தக் கிளியை எல்லா வீட்டிலும் போட்டிருக்கிறேன். அது சாதாரணப் படம். எந்த டிவியிலும் நன்றாகத்தான் தெரியும். ஆகவே டிவி சரி, பிளேயர் சரி.

கேபிள் சேனலில் மஞ்சு இல்லை, பிள்ளை கொடுத்த படத்தில்தான் இருக்கிறது என்று செல்வராசு அண்ணன் சொன்னார். சொன்னார்தான். நான் பதில் சொல்வதற்குள், லீவில் வந்திருந்த நித்யா உள்ளே போய், டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி, அதே பனிப்பாறைப் படத்தை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

"இதுல எப்படித் தெரியுதுப்பா?"

"இதுல நல்லாத்தான் இருக்கு. பளிச்சுனு கெடக்கு."

"டிவியில?"

"டிவியில மஞ்சு மூடுன மாதிரி."

நித்யா என்னைப் பார்த்தாள். நான் படித்தவன், வேகமானவன், எதற்கும் உடனே விளக்கம் வைத்திருப்பவன். ஒரே படம், பக்கத்தில் தெரிகிறது, தூரத்தில் தெரியவில்லை. சீரியலில் கலரை அள்ளிக் கொட்டியிருப்பார்கள், அதனால் அது மட்டும் தூரத்திலும் தெரிகிறது. எவ்வளவு அழகான விளக்கம் பாருங்கள். வாயைத் திறந்து சொல்லியும் விட்டேன்: "அண்ணே, பெட்டியில ஒண்ணும் இல்ல. கண்ண ஒருக்கா காட்டிருங்க."

லேப்டாப் அந்தப் படத்தைத் தானாகவே சாதாரண அளவுக்கு மாற்றிக் காட்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். டிஸ்க்கைப் பிடுங்கி மறுபடி பிளேயரில் செருகி, அவர் சொன்ன அதே படத்தை அவர் சொன்ன அதே டிவியில் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் செருகவில்லை. அடுப்படி வாசலில் நின்ற பாக்கியம் அக்காவிடம் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கவும் இல்லை. குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'டிவி, பிளேயர் இரண்டும் சரி. வாடிக்கையாளர் கண் பரிசோதனை செய்துகொள்ளவும்.' வந்த வேலைக்கு மேலாக ஒரு நல்லது செய்துவிட்டேன் என்று பெருமை வேறு.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போல அந்த வீட்டைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஒரு நாள் காலை பூம்பாறையைத் தாண்டி இருக்கிற கவுஞ்சியில் ஒரு வீட்டுக்குப் போக கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் செல்வராசு அண்ணன். மணி பத்தரை. அந்த நேரத்தில் அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் வேனை நிறுத்திவிட்டு மாலை வரை காத்திருக்க வேண்டியவர்.

"வண்டி எங்கண்ணே?"

"வண்டி ஓடுது. நான் ஓட்டல."

சண்டை போடுகிற குரலில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பஸ் டைம் சொல்வது போலச் சொன்னார். நித்யா பயந்துபோய் என் ஷீட்டைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டு, எந்த டாக்டரிடம் காட்டலாம் என்று கேட்டிருக்கிறாள். அது கை மாறி வேன் வைத்திருக்கும் ரோஸ்லின் அக்காவின் போனுக்குப் போயிருக்கிறது. அவருக்கு இரண்டு வேன், ஒவ்வொன்றிலும் முப்பது பிள்ளைகள். கண்ணைக் காட்டிவிட்டு வாங்க, அதுவரைக்கும் வண்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஒரு கண் முகாமுக்குப் போனார். வலது கண்ணில் புரை லேசாக ஆரம்பிக்கிறது, இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் காதில் விழுந்தது 'ஆரம்பம்' என்ற ஒரு சொல்தான். வேறு டிரைவர் வந்துவிட்டார். இவரை ரோஸ்லின் அக்கா துரத்தவில்லை. கொடைக்கானலில் வேன் நிறுத்துகிற செட்டில் டயருக்குக் காற்று பார்க்கவும் வண்டி கழுவவும் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வேலையும் சீக்கிரம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"உன் மேல கோவமில்ல தம்பி," என்றார். "நீ படிச்ச புள்ள. பாத்துத்தான் எழுதிருப்ப. எனக்குத்தான் இப்ப ரோட்டப் பாத்தாலே சந்தேகமா கெடக்கு. தெரியுறது நெசமாத் தெரியுதா, பழக்கத்துல தெரியுதான்னு."

பஸ் காட்டுக்குள் வளைந்து ஏறியது. மஞ்சு இறங்க ஆரம்பித்தது. அவர் பஸ் டிரைவரின் தோளுக்கு மேலே பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஜீப்பு வருது என்று முணுமுணுத்தார். எனக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டு விளக்குகள் வெளியே வந்தன.

அப்போதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். டிவியில் தெரிந்தது எந்த மாதிரி மஞ்சு?

"இந்த மாதிரி இல்ல," என்று ஜன்னலைக் காட்டினார். "நெசமான மஞ்சுன்னா எதுத்தாப்புல வர்ற லைட்டு அதுல பட்டுப் பூவா விரியும். கண்ணு கூசும். டிவியில சூரியனே வந்தாலும் கூச மாட்டேங்குது. சாம்பலா நிக்குது. நெழலும் சாம்பல், சூரியனும் சாம்பல்."

தம்பிகளே, தங்கச்சி, எச்.டி.ஆர் படம் தவறான அளவுகோலில் ஓடினால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் படித்த எந்தப் பக்கத்திலும் இவ்வளவு சரியான விளக்கம் இல்லை. கண்ணில் புரை என்றால் விளக்கு விரிந்து கூசும் என்று நானே கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் சொல்வது நேர் எதிர். மழை, நாலு மணி பஸ், நான் அணைத்த எச்.டி.ஆர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மஞ்சை அந்தப் படத்துக்குள் இறக்கியவன் நான்தான். அதைப் பார்த்துச் சொன்னவரிடம் உங்கள் கண்ணில்தான் கோளாறு என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

கவுஞ்சி வீட்டுக்குப் போன் செய்து இன்று வர முடியாது என்றேன். நன்றாகத் திட்டினார்கள். பூம்பாறையில் அவரோடு இறங்கினேன்.

வழியில் ஒரு விஷயம் என்னைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. ஜீப்பை எனக்கு முன்னால் பார்த்துவிட்டாரே, உங்க கண்ணு ஒண்ணாம் நம்பர்ணே, என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். தெரியாத ஒன்றைச் சொல்லித்தான் இவ்வளவும் ஆனது. அதே தவறை இந்த முறை இனிப்பாகச் செய்யக்கூடாது.

வீட்டில் பாக்கியம் அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நித்யா பரீட்சைக்குப் படிக்க வந்திருந்தாள். நான் என் பென் டிரைவை வெளியே எடுக்கவே இல்லை. அண்ணன் பார்த்த பனிப்பாறைப் படத்தைப் பிளேயரில் போடச் சொன்னேன். போட்டாள். இத்தனை நாளாக அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நான் முதல் முறையாகப் பார்த்தேன். பனி மேல் சூரியன் உதிக்கிறது. துவைத்துத் துவைத்து வெளுத்த வேட்டி மாதிரி ஒரு சூரியன்.

"அக்கா, உங்களுக்கு இது எப்படித் தெரியுது?"

"சாம்பலாத்தான் தெரியுது. அந்தப் படமே அப்படித்தான்னு நெனச்சேன்."

நித்யா சட்டென்று திரும்பினாள். "ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"என்னைய யாருடி கேட்டீங்க? நீ லேப்டாப்பத் தூக்கிட்டு வந்த. அந்தத் தம்பி எழுதிக் குடுத்துட்டு ஓடிருச்சு. உங்கப்பா நாடியில கையை வச்சு உக்காந்துட்டாரு."

நித்யா கையிலிருந்த ரிமோட்டை என்னிடம் நீட்டினாள்.

பிளேயருக்குள் போனேன். எச்.டி.ஆர் அணைந்தே இருந்தது, நான் விட்டுப் போன இடத்தில். அதைத் தானியங்கிக்கு மாற்றினேன். திரை கறுத்தது. நித்யா அப்பாவைப் பார்த்தாள். எதிர்பார்த்ததுதான், பழைய கேபிள் என்று சொல்லிவிட்டு, கவுஞ்சி வீட்டுக்காகப் பையில் வைத்திருந்த புதுக் கேபிளைப் பிரித்தேன். சுருட்டிக் கிடந்த பழையதைக் கழற்றி, புதியதை மாட்டினேன். டிவியில் அந்தக் கேபிள் செருகும் துளைக்குரிய அமைப்பு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே குறைத்து வைக்கப்பட்டிருந்தது, அதையும் ஏற்றினேன். மூலையில் எச்.டி.ஆர் என்ற எழுத்து வந்து மறைந்தது. படத்தை முதலிலிருந்து ஓட்டினேன்.

சூரியன் பனி மேல் ஏறியபோது பாக்கியம் அக்கா பூண்டுக் கையாலேயே கண்ணை மறைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து கதவருகே போய், அங்கிருந்து பார்த்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். மறுபடி கதவருகே போனார். அந்த நிமிடம் அவருடையது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தம்பி, என் கண்ணு நல்லாருக்குன்னு இப்ப எழுதித் தருவியா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினால் அந்த வீட்டுக்கு அன்றைக்கே தீபாவளி. பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

"கண்ணப் பத்தி எழுத எனக்கு அருகதை இல்லண்ணே. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. பழுது படத்துல இருந்துச்சு, அதப் பண்ணுனவன் நான்னு எழுதித் தர்றேன். அதுக்கு மேல டாக்டர்தான் எழுதணும்."

அவர் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காட்டினார். "அதையாவது எழுது," என்றார்.

ஷீட்டை நிரப்பும் முன் மேனேஜருக்குப் போன் செய்தேன். முறைப்படி சொல்லித்தான் ஆக வேண்டும். நம் மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை, இதைப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: பழைய ஷீட் தவறு என்று எழுதினால் ஒரே வீட்டில் மூன்று முறை போனது நம் தவறாகக் கம்பெனிக்குப் போகும், உன் பெயரில் ஏறும். 'கேபிள் மாற்றப்பட்டது' என்று மட்டும் எழுதிவிட்டு வா. அதுவும் உண்மைதானே?

உண்மைதான். அதுதான் சிக்கலே. இந்த வேலையில் உங்களுக்கு அடிக்கடி பொய் சொல்லத் தேவை வராது. பாதி உண்மை போதுமானதாக இருக்கும், எப்போதும். கேபிள் மாற்றப்பட்டது என்ற வரியைக் கொண்டுபோய் ரோஸ்லின் அக்காவிடம் காட்டினால் அவர் என்ன நினைப்பார்? நல்லது, டிவியைச் சரி பண்ணிவிட்டார்கள், கண் அப்படியேதான் இருக்கிறது. முன்பு எழுதிய வரியை அது தொடவே தொடாது. என் பெயரில் ஏறட்டும் சார் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, எழுது, ஆனா கோழிக் கிறுக்கலா இல்லாம எழுது என்றார்.

அந்தச் சின்னக் கட்டம் போதவில்லை. ஷீட்டின் பின்பக்கம் திருப்பி எழுதினேன். முதல் முறை நான் எச்.டி.ஆரை அணைத்தது, அதனால் படம் சாம்பலானது, இரண்டாம் முறை அந்தப் படத்தை அந்த டிவியில் போட்டுப் பார்க்காமலே கண் பரிசோதனை என்று எழுதியது, அந்த வரிக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது. வாடிக்கையாளர் முதல் நாளிலிருந்து சொன்னது சரி என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நித்யா அதைப் படம் எடுத்தாள். இதையும் அதே குரூப்பில் போடு என்றேன். போட்டாள்.

மறுநாள் காலை அண்ணனோடு நானும் ரோஸ்லின் அக்காவின் செட்டுக்குப் போனேன். கடையில் யாரும் போகச் சொல்லவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. புது டிரைவர் இறங்கி எங்களைப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார். ரோஸ்லின் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஷீட்டின் இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார்.

"அன்னைக்கு நீங்க எழுதினதையும் நம்புனேன் தம்பி. ஸீல் எல்லாம் போட்டிருந்துச்சு. இன்னைக்கு வேற எழுதிருக்கீங்க. நாளைக்கு இன்னொண்ணு எழுத மாட்டீங்கன்னு நான் எப்படி நம்புறது? சின்னப் பிள்ளைங்க, சார்."

கடைசியில் வந்த 'சார்' மரியாதைக்கு வந்தது இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது நியாயம். என்னை நம்ப வேண்டாம் என்றேன். அன்றைக்கு அவரை இறக்கியது என் பேப்பர், அது செல்லாது, அதைச் சொல்லத்தான் வந்தேன். முகாமில் புரை இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். இவர் வேன் டிரைவர், மலைப் பாதையில் வண்டி ஓட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நேராக ஒரு டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?

ரோஸ்லின் அக்கா ஷீட்டை மடித்தார். அண்ணனைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன தோணுது? உங்களால முடியுமா?"

அவர் வேனைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. "டாக்டரு வேண்டாம்னா நானே சாவியத் தொட மாட்டேங்க. பாத்துச் சொல்லட்டும்."

திங்கட்கிழமை திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானது. ரோஸ்லின் அக்கா ஒரு தாளை எடுத்து, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியைத் தானே எழுதி அண்ணன் கையில் கொடுத்தார். இரண்டு வரிதான். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. கேள்வி கேட்பதில் அவர் எவ்வளவு கறார்.

திங்கள் போனது. செவ்வாய் போனது. நான் கூப்பிடவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? புரை என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது. என் ஷீட் தவறு என்பதால் அவர் கண் சரி என்று ஆகிவிடாது. அதுவும் இதுவும் வேறு வேறு என்று நான்தானே அந்த வீட்டில் நின்று சொன்னேன். அந்த இரண்டு நாளும் போன வீடுகளில் வாடிக்கையாளர் படத்தைப் போடாமல் நான் வெளியே வரவில்லை. ஒரு வீட்டில் பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஒன்றை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் பதறிப்போய் டீ போட்டுக் கொடுத்தார்கள்.

நீங்கள் கேட்பீர்கள், இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது, ஒரு நாளைக்கு ஏழு வீடு, நடுவில் பஸ். இருக்காதுதான். நேரம் இல்லையென்றால் 'தெரியவில்லை, மறுபடி வருகிறேன்' என்று எழுதுங்கள். அந்தச் சின்னக் கட்டத்தில் அந்த வரி தாராளமாக இடம் பிடிக்கும். யாருக்கும் அதனால் எதுவும் பறிபோகாது. மேனேஜர் கத்துவார். கத்தட்டும். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததை எழுதாதீர்கள், வீட்டில் இருக்கிற எல்லோரையும் கேளுங்கள், முக்கியமாக அடுப்படி வாசலில் நிற்பவரை. உங்கள் கிளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

புதன்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குப் பொறுக்க முடியாமல் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. சரி, பேசப் பிடிக்கவில்லை, டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்துப் போனைப் பைக்குள் போட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார்.

"ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன் தம்பி," என்றார். "கடைசிப் புள்ளைய எறக்கிட்டு இப்பத்தான் நிறுத்துனேன். சொல்லு, என்ன சோலி?"